கூடமாடவுக்குப் புது முகப்பு

செக்காலை, காரைக்குடி
11.2.2024

அன்புள்ள தீபலட்சுமிக்கு,

மதினி துர்கா எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரரும் சுகம். போன வாரம் சாக்கோட்டைக்குப் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். சர்க்கரை குறைந்திருக்கிறது, பேச்சு குறையவில்லை. அந்தக் குளிரில் நீயும் என் தம்பி பாண்டியும் எப்படி இருக்கிறீர்கள்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போனில் கூப்பிடாமல் எதற்கு இந்த மெயில் என்று நினைப்பாய். போனில் பேச உட்கார்ந்தால் நாலு வார்த்தைக்குள் ஆபீஸ் போன் அலறுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் "சாப்பிட்டியா தாயி" என்று கேட்டேன், நினைவிருக்கிறதா? நீ என்ன சொன்னாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். நம் ‘கூடமாட’வின் வெப்சைட்டைப் புதுசாக்க வேண்டும். நான் நர்ஸ் வேலையை விட்டுவிட்டு இதைத் தொடங்கியபோது, செக்காலை ரோட்டில் ஸ்டூடியோ வைத்திருக்கும் மாயக்கண்ணன் செய்து கொடுத்தது. அன்றைக்கு நாலு பெண்கள். இன்றைக்கு இருபது பேருக்கு மேல் வீடு வீடாகப் போய், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்களையும் படுக்கையில் இருக்கும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்கிறார்கள். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருந்துகொண்டு அந்த வெப்சைட்டைப் பார்த்துத்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள். அது இன்னும் அதே பழைய கோலத்தில் இருக்கிறது.

நீ அங்கே பேங்கில் இந்த வடிவமைப்பு வேலைதானே பார்த்தாய்? இப்போது வீட்டில் இருப்பதாகப் பாண்டி சொன்னான். உனக்குத் தோதுப்பட்டால் செய்து கொடு. அவசரமே இல்லை. ஆனால் மாட்டேன் என்று மட்டும் சொல்லாதே.

போன் அடிக்கிறது. மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
துர்கா மதினி


டப்ளின்
12.2.2024

அன்பும் மரியாதையும் நிறைந்த மதினிக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன். அன்றைக்கும் "சாப்பிட்டேன்" என்றுதான் சொன்னேன். வீட்டில் அண்ணன் கோட்டைச்சாமியின் முழங்கால் வலி தேவலையா?

வேலையை நானாகத்தான் விட்டேன். கொஞ்ச நாள் சும்மா இருக்கலாம் போல இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் வெப்சைட்டைத் திறந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன் மதினி. தப்பாக நினைக்காதீர்கள். மேலே சுரைக்காய் அளவுக்குப் போன் நம்பர். அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு வரி. அதற்கும் கீழே கோட்டையூர், பள்ளத்தூர், சாக்கோட்டை, திருக்கோஷ்டியூர் என்று பஸ்ஸில் எழுதியிருப்பதுபோல ஊர்ப்பெயர்கள். ரேஷன் கார்டுக்கு எடுத்ததுபோல, உங்களிடம் வேலை பார்க்கும் பொன்னுத்தாயி விறைப்பாக நிற்கும் படம். முழுக்கத் தமிழ், இங்கிலீஷ் இருக்கும் இடம் தெரியவில்லை.

ஒன்றையும் மிச்சம் வைக்கப் போவதில்லை. எல்லாவற்றையும் புதிதாகச் செய்கிறேன். உங்களுக்கு என்ன நிறம் பிடிக்கும்? பெயரையும் கொஞ்சம் சுருக்கலாமா? ‘கூடமாட’ என்றால் வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வாயில் நுழையாது. ‘கே.எம். கேர்’ என்று வைத்தால் எடுப்பாக இருக்கும்.

இன்று காலையிலேயே தாளும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டேன். உங்கள் தம்பி ஆபீஸிலிருந்து வந்தவர், டீ போட்டுக் கொடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்
தீபா


காரைக்குடி
8.3.2024

அன்புள்ள தீபாவுக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபிக்காதே. வெயில் தொடங்கும்போதே பெரியவர்களுக்கு ஒவ்வொன்றாக வந்துவிடுகிறது. ஆள் போதவில்லை. என் வீட்டுக்காரர் முழங்காலோடுதான் பேசிக்கொண்டிருக்கிறார்; என்னோடு பேச நேரம் கிடைக்கவில்லை.

பச்சை பிடிக்கும். பெயர் உன் இஷ்டம்.

ஊர்ப்பெயர்களை எடுக்கப் போகிறாயா? மாயக்கண்ணன் அதை ஏன் போட்டான் என்றால், கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான். இன்று காலையில்கூட ஒரு அம்மா, "திருக்கோஷ்டியூருக்கெல்லாம் ஆள் வருவாகளா, இல்லை காரைக்குடிக்குள்ள மட்டுமா?" என்றார். "எங்குட்டு இருந்தாலும் வருவோம் தாயி" என்றேன். அப்படியே அழுதுவிட்டார். ஆனாலும் உனக்குத் தெரியாததா? நீ படித்தவள், எது அழகோ அதைச் செய்.

அடிக்கிறது. எடுத்தாக வேண்டும்.

மதினி


டப்ளின்
5.5.2024

என் அருமை மதினிக்கு,

நலம், நலம், நலம். அண்ணனின் முழங்காலுக்கு இங்கிருந்து ஒரு களிம்பு வாங்கி வைத்திருக்கிறேன். யாராவது ஊருக்கு வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

முடித்துவிட்டேன்! இன்று மத்தியானம் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றிவிட்டேன். ஆற அமரப் பாருங்கள். திறந்ததும் ஒரு வீடியோ வரும். கடற்கரையில் ஒரு பாட்டியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நடக்கிறாள். அது முடிந்ததும் இளம்பச்சையில் ‘கே.எம். கேர்’ என்று மெதுவாக எழும்பி வரும். எழுத்து கொஞ்சம்தான், நிறைய வெற்றிடம் விட்டிருக்கிறேன். மொழி ஆங்கிலம். நம்பர் எங்கே என்று தேடாதீர்கள். ‘தொடர்புக்கு’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் பெயர், வயது, தேவை எல்லாம் எழுதி அனுப்பிவிடுவார்கள், நீங்கள் சாவகாசமாகப் பார்த்துக் கூப்பிட்டால் போதும். இனிமேல் போன் உங்களைப் பாடாய்ப் படுத்தாது. பழைய பக்கங்களை எல்லாம் சுத்தமாக அழித்துவிட்டேன்.

உங்கள் தம்பி பார்த்துவிட்டு, "இது எங்க அக்கா கம்பெனிதானா?" என்றார். இன்று நான் உப்புக்கறி வைத்தேன். நான் ஆசையாகச் சமைத்து எத்தனை மாதமாயிற்று என்று இரண்டு பேரும் கணக்குப் போட்டுப் பார்த்து, விட்டுவிட்டோம்.

பிடித்திருக்கிறதா என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

ஆசையோடு,
தீபா


காரைக்குடி
6.5.2024

என் கண்ணு தீபாவுக்கு,

பிடித்திருக்கிறது. பிடித்திருக்கிறது என்று நூறு தரம் எழுதலாம். ஆபீஸில் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக் காட்டினேன். பொன்னுத்தாயி, "அந்த வெள்ளைக்காரப் பாட்டி எந்த ஊரு? நம்ம யாரு போயிப் பாக்குறோம்?" என்று கேட்டாள். அக்கம்மாள், "சினிமா மாதிரி இருக்குக்கா" என்றாள். மாயக்கண்ணனுக்குக்கூடக் காட்டினேன். வாயைப் பிளந்தான்.

நீ உப்புக்கறி வைத்தாய் என்ற வரியை மூன்று தடவை படித்தேன்.

பாண்டியும் நீயும் நன்றாக இருங்கள். எனக்கு வேறு என்ன வேண்டும்?

உன் மதினி


டப்ளின்
2.6.2024

அன்புள்ள மதினிக்கு,

சௌக்கியம்தானே? இங்கே வெயில் எட்டிப் பார்க்கிறது. சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். போகும் வழியில் ஒரு குளம் இருக்கிறது, கைக்குழந்தைகளோடு அம்மாக்கள் வாத்துப் பார்க்க வரும் இடம். முன்பு அந்தப் பக்கமே போக மாட்டேன், இப்போது போகிறேன்.

‘கே.எம். கேர்’ பக்கத்தை இங்கே இரண்டு பேருக்குக் காட்டினேன். இதை வைத்தே வேறு வேலை கிடைக்கும் என்கிறார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். எத்தனை பேர் வந்து பார்க்கிறார்கள் என்று எண்ணும் கருவியைப் புதிய தளத்தில் மறுபடி பொருத்த மறந்துவிட்டேன். அதனால் நீங்களே சொல்லுங்கள்: புதிய ஆட்கள் நிறையக் கேட்கிறார்களா? முன்பைவிட அதிகமா?

ஆவலுடன்,
தீபா


காரைக்குடி
3.6.2024

அன்பான தீபாவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது, இதோ இன்றே எழுதுகிறேன். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாய் என்று படித்ததும் மனசு குளிர்ந்துவிட்டது.

நீ கேட்டதற்கு: பார்த்தவர்கள் எல்லோரும் அழகாக இருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள்.

போன வாரம் நானும் வீட்டுக்காரரும் திருக்கோஷ்டியூர் போனோம். எத்தனையோ வருஷமாகப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. பெருமாளைச் சேவித்துவிட்டு கோயில் விமானத்தின் படிகளில் ஏறினோம். இவர் முதல் தளத்திலேயே, "நீ போயிட்டு வா, நான் பெருமாளோட பேசிக்கிட்டு இருக்கேன்" என்று உட்கார்ந்துவிட்டார். நான் மேலே வரைக்கும் போனேன். காற்று அப்படி வீசியது. உனக்காகத்தான் வேண்டிக்கொண்டேன்.

ஆபீஸுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. பொன்னுத்தாயி சன்னல் எல்லாவற்றுக்கும் திரை தைத்து மாட்டியிருக்கிறாள். அவளுக்குத் தையல் இவ்வளவு நன்றாக வரும் என்று தெரியாது. மாவடு போட்டேன், வடகம் பிழிந்தேன், பழைய சேலைகளைப் பிரித்து வைத்தேன். அக்கம்மாள் திருப்பூருக்குப் போய்விட்டாள். மகள் அங்கே பனியன் கம்பெனியில் இருக்கிறாள் இல்லையா, அவளோடு இருக்கப் போகிறாளாம்.

இங்கே மாம்பழம் நல்ல விளைச்சல். நீ இருந்திருந்தால் ஒரு கூடையைக் காலி பண்ணியிருப்பாய். அடுத்த வருஷமாவது வா. இன்னும் என்னென்னவோ எழுதத் தோன்றுகிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
மதினி


டப்ளின்
9.9.2024

மதினிக்கு,

வணக்கம். நலமா என்று கேட்பதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும்.

சனிக்கிழமை பிள்ளையார் சதுர்த்திக்கு ஒரு தமிழ் வீட்டுக்குப் போயிருந்தோம். சாலா என்று ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோட்டையூர்க்காரர். இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் லேப் வேலை. நான் சாக்கோட்டை என்றதும் பேச்சு ஊரைச் சுற்றி வந்தது. அப்புறம் அவருடைய அப்பாவைப் பற்றி. அவர்கள் வீட்டில் அப்பாவை அப்பச்சி என்பார்கள், அம்மாவை ஆத்தா என்பார்கள். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அப்பச்சிக்கு இடுப்புல ஆப்பரேஷன் முடிஞ்சு ஜூலையில வீட்டுக்கு வந்தாக. ஆத்தா ஒத்தையில. கூடமாடன்னு காரைக்குடியில ஒரு கம்பெனி, எங்க அத்தைக்கு அவுகதான் ஆள் அனுப்பிச்சாக. அப்பவே அந்தப் பக்கத்தைப் போன்ல சேமிச்சு வச்சிருந்தேன். திறந்தா, அப்படி ஒரு பக்கமே இல்லைங்குது. தேடினா கே.எம். கேர்னு என்னமோ வருது. கம்பெனியை வித்துட்டுப் போயிட்டாகன்னு நெனச்சேன்."

"அப்புறம்?" என்றேன்.

"சரி, அதாவது இருக்கட்டும்னு பாத்தா நம்பரே காணோம். ஆத்தாவும் அவுக போன்ல திறந்து பாத்திருக்காக. யாரோ கடற்கரையில நடக்குற வீடியோ சுத்திக்கிட்டே நின்னுச்சாம். நான் படிவத்தை நிரப்பி அனுப்பிச்சேன். இன்னைக்குக் கூப்பிடுவாக, நாளைக்குக் கூப்பிடுவாகன்னு உக்காந்திருந்தேன். யாரும் கூப்பிடலை. அதுக்குள்ள அப்பச்சி தானா எந்திரிச்சுப் பாத்ரூமுக்குப் போயி விழுந்துட்டாக. ஆத்தாவால தூக்க முடியலை. பால்காரர் வர்ற வரைக்கும் தரையிலேயே கெடந்தாக. மணிக்கட்டு முறிஞ்சு போச்சு." சொல்லிவிட்டு, "யாரு இதை இப்படி மாத்துனாகளோ. ஆள் தேடுறவுக எடத்துல ஒரு தடவை நின்னு பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார்.

என் கையில் கொழுக்கட்டைத் தட்டு. அதைக் கீழே வைத்துவிட்டு, "நான்தாங்க மாத்தினேன்" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை மதினி. "அப்ப அவுக நம்பர் உங்ககிட்ட இருக்கும்ல? குடுங்க" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். படிவத்தில் எழுதியவை எல்லாம் நான் புதிதாகத் தொடங்கிய ஒரு முகவரியில் குவிந்து கிடக்கின்றன. அதன் கடவுச்சொல்லை உங்களுக்கு அனுப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அனுப்பவே இல்லை. "அம்மாவுக்குப் பக்கவாதம், இன்றே ஆள் தேவை" என்று மே மாதம் ஒருவர். "தயவுசெய்து கூப்பிடுங்கள்" என்று ஒரே ஆள் மூன்று முறை. ஒருவருக்கும் நாம் பதில் சொல்லவில்லை.

வீடியோவை எடுத்துவிட்டேன். நம்பரை மேலே போட்டுவிட்டேன்.

பிறகு உங்கள் கடிதங்களை எல்லாம் திரும்பப் படித்தேன். முன்பு நாலு வரி எழுத உங்களுக்கு வாரக்கணக்கில் ஆகும். ஜூன் மாதத்திலிருந்து மறுநாளே பதில், பக்கம் பக்கமாக. மதினிக்கு என் மேல் எவ்வளவு பிரியம் என்று பூரித்துப் போயிருந்தேன். உங்கள் போன் அடிக்கவில்லை. அதனால்தானே எழுத நேரம் இருந்தது? அக்கம்மாள் மகளோடு இருக்கவா திருப்பூருக்குப் போனாள்?

நான் நேராகக் கேட்டேனே. ஏன் சொல்லவில்லை?

தீபா


காரைக்குடி
29.9.2024

அன்புள்ள தீபாவுக்கு,

நாங்கள் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

சாலா கூப்பிட்ட அன்றைக்கே ஆட்டோ பிடித்துக் கோட்டையூர் போனேன். யாரையும் அனுப்பவில்லை, நானே போனேன். அவருடைய ஆத்தா, அந்த ஆச்சி, கதவைத் திறந்து, "நீங்க கடையைச் சாத்திட்டுப் போயிட்டீகன்னுல்ல நெனச்சோம்" என்றார். "இல்லை ஆச்சி, இங்குட்டுத்தான் இருக்கோம்" என்றேன். அவர் வீட்டுக்காரர் வள்ளியப்பன் கையில் கட்டோடு படுத்திருந்தார். முதுகில் புண் கண்டிருந்தது. அன்றிலிருந்து பகல் முழுக்க நானும் மற்ற நேரத்துக்குப் பொன்னுத்தாயியும் பார்க்கிறோம். புண் ஆறி வருகிறது. அதனால்தான் உனக்கு எழுதத் தாமதம். அதனால் மட்டும் என்று சொன்னால் பொய்.

நீ கேட்டது எல்லாம் சரி. மே கடைசியிலேயே போன் நின்றுவிட்டது. பழைய வீடுகளை வைத்து ஓட்டினோம். பாதிப் பெண்களுக்கு வேலை இல்லை. அக்கம்மாளுக்கு வேலை கொடுக்க முடியவில்லை, அதனால்தான் அவள் போனாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். இதை எழுதினால் நீ பாண்டியோடு சண்டை போடுவாய். போட்டாலும் எழுதுகிறேன். ஜனவரியில் அவன் என்னைக் கூப்பிட்டான். தெருவில் நின்று பேசுகிறான் என்று சத்தத்தில் தெரிந்தது. "அக்கா, அஞ்சாம் மாசம், தங்கலைக்கா. யாருட்டயும் சொல்லக் கூடாதுங்கிறா. வேலையையும் விட்டுட்டா. சன்னலைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கா. அவளுக்கு ஏதாச்சும் வேலை குடுக்கா" என்று அழுதான். சின்ன வயசில் கை உடைந்தபோதுகூட அவன் அழவில்லை.

என்னிடம் என்ன வேலை இருக்கிறது கொடுப்பதற்கு? யோசித்துப் பார்த்து வெப்சைட் என்றேன். தீபா, எனக்கு அதை மாற்ற வேண்டிய தேவையே இல்லை. அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நீ சிரித்தாய் என்றாய், உப்புக்கறி வைத்தாய் என்றாய், குளத்துப் பக்கம் போகிறேன் என்றாய். அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வேன், உன் வெப்சைட் வந்ததும் போன் நின்றுவிட்டது என்று?

வருத்தத்துடன்,
துர்கா


டப்ளின்
6.10.2024

அன்புள்ள மதினிக்கு,

நலமாக இருக்கிறேன். சண்டை போட்டேன். உங்கள் தம்பியோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவராகவே பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றார். முதுகைப் பார்த்ததும் பாவமாகப் போய்விட்டது.

உங்கள் மேல் உள்ள கோபம் இன்னும் போகவில்லை. எழுதிவிடுகிறேன். நான் ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்தது ஒரு தேவையில்லாத வேலை. எனக்கு அழுகை வரக் கூடாது என்று நீங்கள் கொடுத்த கிலுகிலுப்பை. அது தெரிந்தபோது அவமானமாக இருந்தது. அதைவிடப் பெரிய கோபம் வேறு. மே மாதமே "போன் அடிக்கலை தாயி" என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் அழுதிருப்பேன். அழுது முடித்துவிட்டு அன்றைக்கே சரி செய்திருப்பேன். வள்ளியப்பன் ஐயா தரையில் கிடந்திருக்க மாட்டார். என்னை உடைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள நினைத்தீர்கள். நான் ஏற்கெனவே உடைந்துதான் இருந்தேன் மதினி. இன்னும் கொஞ்சம் உடைந்திருந்தால் என்ன?

ஆனால் தப்பு என்னுடையதும்தான். உங்களுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று கேட்டேனே தவிர, உங்களைக் கூப்பிடுகிறவர்கள் யார், எதைத் தேடி வருகிறார்கள் என்று ஒருவரிடம்கூடக் கேட்கவில்லை. நீங்களே திருக்கோஷ்டியூர் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு ஊர்ப்பெயர்களை எடுத்துவிட்டேன்.

இப்போது இதை எனக்கு வேலையாகவே கொடுங்கள், நிஜ வேலையாக. பழைய பக்கங்களின் முகவரிகளை எல்லாம் தேடி எடுத்துவிட்டேன். யார் எதைச் சேமித்து வைத்திருந்தாலும் இனி அது நேராக நம்மிடம் கொண்டுவந்து விடும். பெயர் மறுபடி ‘கூடமாட’. தமிழ்தான் முதலில். உங்களைக் கூப்பிட்டவர்களில் பத்துப் பேருடைய நம்பர் வேண்டும், நான் பேச வேண்டும். சாலாவின் ஆத்தாவிடமும். அவர் தன் போனில் திறந்து பார்த்து, சிரமமில்லாமல் உங்களைக் கூப்பிட முடிகிறது என்று சொல்லும் வரைக்கும் நான் எதையும் முடித்ததாகச் சொல்ல மாட்டேன்.

ஒரு நிபந்தனை. நன்றாக இருக்கிறது என்று இனிமேல் என்னிடம் சொல்லாதீர்கள். என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள்.

கோபத்தோடும் அதே பிரியத்தோடும்,
தீபா


காரைக்குடி
1.12.2024

அன்புள்ள தீபாவுக்கு,

இங்கே மழை, எல்லோரும் நலம். நீ அனுப்பிய களிம்பு வந்து சேர்ந்தது. இவர் அதை முழங்காலில் தேய்த்துக்கொண்டு அயர்லாந்து வாசனை அடிக்கிறது என்கிறார்.

என்ன நடக்கிறது என்று சொல்லச் சொன்னாய். சொல்கிறேன். அக்டோபர் கடைசியிலிருந்து அழைப்புகள் வருகின்றன. முன்பு இருந்த அளவுக்கு இன்னும் வரவில்லை. சிலர் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள், அவர்கள் திரும்பி வருவார்கள் என்று தோன்றவில்லை. அக்கம்மாளைக் கூப்பிட்டேன். "இங்க பழகிருச்சுக்கா" என்கிறாள். மற்றவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வேலை இருக்கிறது.

கோட்டையூர் ஆச்சி உன்னைப் புகழ்கிறார். "அந்தப் புள்ள என்னையப் போனைக் கையில வச்சுக்கச் சொல்லிட்டு, எங்க அமுக்குறீக, ஏன் அங்க அமுக்குனீகன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. என் மகளுக்குக்கூட அம்புட்டுப் பொறுமை கிடையாது" என்றார். ஐயா கம்பு ஊன்றி முகப்பு வரைக்கும் நடக்கிறார். கை முன்போல மடங்கவில்லை. உன் மேல் கோபமா என்று நானே கேட்டேன். "முந்தி இருந்துச்சு" என்றார்.

புதிய பக்கத்தில் பொன்னுத்தாயியின் படம் நன்றாக இல்லை. கண்ணை மூடியிருக்கிறாள். பார், சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாளாக யோசிக்கிறேன். கேட்டால் உனக்கு வலிக்கும் என்று ஒரு மனசு. கேட்காமல் இருந்தால் நான் மறுபடி அதே தப்பைத்தான் செய்கிறேன். பாண்டி என்னிடம் சொன்ன நாளிலிருந்து எனக்குள் இது இருக்கிறது. நான் அந்தக் குழந்தைக்கு அத்தை இல்லையா? அதனால் கேட்கிறேன். பேர் ஏதும் யோசித்து வைத்திருந்தீர்களா தாயி?

பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

உன் மதினி


டப்ளின்
10.12.2024

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் எல்லோருடைய நலமும் அறிந்தேன். நாங்களும் நலம். பொன்னுத்தாயியின் படத்தை மாற்றிவிட்டேன். இதில் லேசாகச் சிரிக்கிறார். சாலாவுக்குத் தெரிந்த ஒருவர் தன் கம்பெனி வெப்சைட்டை மாற்றித் தரச் சொன்னார். எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்டேன். காரணம் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. இப்படியே இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டேன். உங்கள் தம்பி தலையில் அடித்துக்கொண்டார்.

உங்கள் கேள்விக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. ஆஸ்பத்திரியில் எத்தனையோ கேட்டார்கள். இதை யாரும் கேட்கவில்லை.

வைத்திருந்தோம். பெண் குழந்தை. இங்கே முன்பே சொல்லிவிடுவார்கள். பெயர் மகிழினி. தேர்ந்தெடுத்தது உங்கள் தம்பி.

இதுவரை இந்தப் பெயரை நான் எங்கும் எழுதியதில்லை. எழுதிவிட்டு அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நின்றபடியே கடிதத்தை முழுதும் படித்தார். பெயரில் ‘ழி’ வர வேண்டிய இடத்தில் ‘ளி’ விழுந்திருந்தது. குனிந்து அதைத் திருத்தினார். திருத்திவிட்டு அப்படியே போய்விடுவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மகிழினியின் அத்தைக்கு எங்கள் இருவருடைய அன்பும்.

தீபலட்சுமி
பாண்டீஸ்வரன்